பழைய சேமிப்பு சர்வர் வாங்குகிறீர்களா? முதலில் பேக்பிளேனைப் பாருங்கள்

பழைய சர்வர் விற்கிற கடையில் முதலில் காதில் விழுவது பிராசசரும் ரேமும்தான். "ரெண்டு ஜியான் சார், 128 ஜிபி ரேம்" என்றதும் வாங்க வந்தவரின் மனம் பாதி இளகிவிடும். வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் பேக்கப்பையும் சேர்த்துவைக்க ஒரு பெட்டி தேடுகிறவருக்கு அந்த இரண்டும் கடைசிக் கவலையாக இருக்கவேண்டும். பத்தாண்டுப் பழைய பிராசசர் ஒன்றே அந்த வேலையைத் தூங்கிக்கொண்டு செய்யும். பின்னாளில் தேடினாலும் எளிதில் கிடைக்காதவை வேறு: டிஸ்குகளைத் தாங்கும் கூடு, அந்த டிஸ்குகள் போய்ச் செருகிக்கொள்ளும் பேக்பிளேன் பலகை, டிஸ்க் ட்ரேக்கள், பவர் சப்ளை. பழைய சேமிப்பு சர்வரில் நாம் காசு கொடுப்பது இந்த நான்குக்குத்தான். மற்றதெல்லாம் கூட வருகிற சாமான்.

யாருக்கு இது தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மொத்தச் சேமிப்பு 16 டெராபைட்டுக்குள் அடங்கும் என்றால் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் இரண்டு பெரிய டிஸ்குகளைப் போட்டு ஒன்றுக்கொன்று நகலாக ஓடவிடுங்கள். 40 வாட்டில், சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஆறு டிஸ்குக்கு மேல் போகும்போதுதான் டெஸ்க்டாப் கேபினெட் திணறத் தொடங்கும்: கேபிள் நெரிசல், காற்றுப் போதாமை, பழுதான டிஸ்க் எது என்று கண்டுபிடிக்கப் பெட்டியையே பிரிக்கவேண்டிய நிலை. அந்த இடத்தில்தான் நிறுவனச் சர்வர் தன் மதிப்பைக் காட்டும்.

சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் இணையத்திலும் அதிகம் தட்டுப்படுகிறவை நான்கு குடும்பங்கள்: டெல் ஆர்720எக்ஸ்டி, ஆர்730எக்ஸ்டி, எச்பி டிஎல்380 ஜென்8, ஜென்9, சூப்பர்மைக்ரோவின் 24 டிஸ்க் கூடான 846, நெட்ஆப்பின் டிஎஸ்4246 டிஸ்க் ஷெல்ஃப். இவற்றில் டெல், எச்பி இரண்டிலும் மதர்போர்டும் கூடும் ஒன்றுக்காகவே ஒன்று செய்யப்பட்டவை. போர்டு பழுதானால் அதே போர்டைத்தான் தேடவேண்டும். 846 அப்படியில்லை. சாதாரண ஏடிஎக்ஸ் மதர்போர்டு அதில் உட்காரும். முன்புற ஆன் பட்டனிலிருந்து வரும் 16 பின் பட்டைக் கேபிளைத் தனித்தனி ஒயர்களாகப் பிரிக்கிற சிறு கேபிள் ஒன்று மட்டும் வேண்டும். வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டிதான் என்றால் 846-ஐத் தேடுங்கள் என்பதே என் கருத்து. பத்து வருடம் கழித்து உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரை மட்டும் மாற்றிவிட்டுக் கூட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

எச்பி பக்கம் போகிறவர்கள் ஒன்றை மனத்தில் வைக்கவேண்டும். 2014 பிப்ரவரி முதல் எச்பி சர்வர்களுக்கான பயாஸ், ஃபர்ம்வேர் (போர்டுக்கும் கார்டுகளுக்கும் உள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) தொகுப்புகளை இறக்க வாரண்டியோ பராமரிப்பு ஒப்பந்தமோ கேட்கிறார்கள். டெல் தன் தளத்தில் சர்வீஸ் டேக் எண்ணைக் கொடுத்தால் இலவசமாகத் தருகிறது. கைமாறி வந்த இயந்திரத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

அடுத்த பொறி, பெயர் ஒன்று முகம் இரண்டு. ஆர்720எக்ஸ்டி முன்புறம் 12 பெரிய டிஸ்குகளோடும் வரும், 24 சிறிய டிஸ்குகளோடும் வரும். 24 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். சிறியவை 2.5 அங்குல இடங்கள். அவற்றோடு பெரும்பாலும் வருவது நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் 600 ஜிபி எஸ்ஏஎஸ் (நிறுவனச் சர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்குகள். 24-ஐயும் கூட்டினால் 14.4 டெராபைட். ஒரே ஒரு 16 டெராபைட் டிஸ்க் அதைத் தாண்டிவிடும், மின்சாரத்திலும் இருபதில் ஒரு பங்குதான் தின்னும். எஸ்எஸ்டி மட்டுமே போடப்போகிறேன் என்கிறவரைத் தவிர மற்றவர்கள் 3.5 அங்குல இடங்கள் உள்ளதையே கேட்டு வாங்கவேண்டும். விலை குறைவாகச் சொல்லப்படும் ஆர்720எக்ஸ்டிக்குப் பின்னால் பலநேரம் இந்த 2.5 அங்குல முகம்தான் இருக்கும்.

ட்ரேக்களையும் எண்ணுங்கள். தரவு வெளியே போகக்கூடாது என்று நிறுவனங்கள் டிஸ்குகளைக் கழற்றி நொறுக்கிவிடுவது வழக்கம். அவசரத்தில் கழற்றும்போது ட்ரேயோடு போய்விடும். 12 ட்ரேக்களைத் தனியாக வாங்கும் செலவு சில சமயம் கூட்டின் விலையில் கால்வாசியைத் தொடும். எச்பியில் ஜென்8-க்கும் ஜென்9-க்கும் ஒரே ட்ரே, ஜென்7-க்கு வேறு. முன்பக்கப் புகைப்படத்தில் தெரிவது உண்மையான ட்ரேயா, காலி இடத்தை மூடும் பிளாஸ்டிக் மூடியா என்று கேட்டுவிடுவது நல்லது.

பேக்பிளேன்

டிஸ்க் வரிசைக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் பச்சைப் பலகைதான் பேக்பிளேன். முன்பக்கம் டிஸ்குகள் வந்து செருகும், பின்பக்கம் கேபிள்கள் புறப்படும். இதில் இரண்டு வகை. ஒன்று நேரடி வகை: ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி வழி. சூப்பர்மைக்ரோ 846-இல் டிக்யூ என்று முடியும் பலகையில் 24 தனித்தனி சாட்டா (வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்குகளின் வழக்கமான இணைப்பு) கேபிள்கள்; ஏ என்று முடிவதில் நான்கு டிஸ்குக்கு ஒன்றாக 8087 வகைக் கேபிள்கள் ஆறு. மற்றொன்று எக்ஸ்பாண்டர் வகை: பலகையிலேயே ஒரு சிப் அமர்ந்து 24 டிஸ்குகளையும் ஒரே கேபிளில் கொண்டுவரும். பெயரில் இஎல்1 என்றிருந்தால் ஒரு எக்ஸ்பாண்டர், இஎல்2 என்றால் இரண்டு. இரண்டாவது, ஒரு வழி அறுந்தாலும் மறுவழியில் ஓடுவதற்காக. வீட்டுக்கு அது தேவையில்லை.

சரியாகப் படிக்கவேண்டிய எழுத்து "எஸ்ஏஎஸ்" என்பதற்கு அடுத்து வருவது. எஸ்ஏஎஸ்2-846இஎல்1 என்றால் 6 ஜிகாபிட் பலகை, இன்றைய பெரிய டிஸ்குகளை ஏற்கும். அந்த 2 இல்லாமல் எஸ்ஏஎஸ்-846இஎல்1 என்று மட்டும் இருந்தால் முதல் தலைமுறை, 3 ஜிகாபிட். 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்குகளில் தகராறு செய்யும். இணையத்தில் நம்பமுடியாத மலிவில் வருகிற 846-களில் இந்தப் பலகை இருக்க வாய்ப்பு அதிகம். நேரடி வகைப் பலகைகளில் இடையில் சிப் இல்லாததால் இந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே பழைய டிக்யூவும் ஏவும் இன்னும் நல்ல பலகைகள்தான். எண் பலகையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். விற்பவரிடம் மேல்மூடியைத் திறந்து, ஃபேன் வரிசைக்கும் டிஸ்குகளுக்கும் நடுவே ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம்.

ஒரே கேபிளில் 24 டிஸ்க் என்றால் மெதுவாகிவிடாதா என்ற கேள்வி வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கேபிளுக்குள் நான்கு வழிகள், ஒவ்வொன்றும் 6 ஜிகாபிட். குறியீட்டுக்குப் போவதைக் கழித்தால் மொத்தம் நொடிக்கு 2,400 மெகாபைட். 24 டிஸ்குகளும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடினாலும் ஒன்றுக்கு 100 மெகாபைட் கிடைக்கும். வீட்டு ஜிகாபிட் நெட்வொர்க்கில் வெளியே போகக்கூடியது மொத்தமே 110 மெகாபைட்டுதான். மாதம் ஒருமுறை எல்லாத் தரவையும் சரிபார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் கூடும். அது உறுத்தினால் இரண்டாவது கேபிளையும் மாட்டி அகலத்தை இரட்டிப்பாக்கலாம்.

நெட்ஆப் டிஎஸ்4246 இந்த எண்ணத்தின் நீட்சி. அதில் கம்ப்யூட்டரே கிடையாது: 24 இடம், பவர் சப்ளை, பின்னால் ஐஓஎம்6 என்ற இரண்டு மாடியூல். வீட்டில் இருக்கிற ஏதேனும் ஒரு கம்ப்யூட்டரில் வெளிப்புற இணைப்புள்ள எல்எஸ்ஐ 9207-8இ போன்ற கார்டைச் செருகி ஒரே கேபிளில் இணைத்துவிடலாம். அந்தக் கேபிளில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஷெல்ஃப் பக்கம் கியூஎஸ்எஃப்பி முனை, கார்டு பக்கம் 8088 என்ற வெளிப்புற எஸ்ஏஎஸ் முனை வேண்டும். சாதாரண 8088 கேபிள் பொருந்தாது. மேல் மாடியூலில் சதுரக் குறி போட்ட போர்ட்டில் செருகுங்கள். ஒரு மாடியூல் போதும். நான்கு பவர் சப்ளை இடங்களில் சாட்டா டிஸ்குகளுக்கு இரண்டு இருந்தால் போதும், காலி இடங்களை மூடியால் அடைக்கவேண்டும். டிஎஸ்4243 என்பது இதே பெட்டிதான், 3 ஜிகாபிட் ஐஓஎம்3 மாடியூலோடு. மாடியூலை மட்டும் ஐஓஎம்6-ஆக மாற்றினால் 4246 ஆகிவிடும்.

கடையில் நின்றுகொண்டே

நேரில் போய் வாங்குவதானால் கையில் மூன்று பொருள் இருக்கட்டும்: லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ், நன்றாக வேலை செய்யும் சாட்டா டிஸ்க் ஒன்று, சிறு டார்ச். சர்வரை ஓடவிட்டு லினக்ஸில் நுழையுங்கள். அந்த ஒரு டிஸ்கை முதல் இடத்தில் செருகி, திரையில் தெரிகிறதா என்று பார்த்து, எடுத்து அடுத்த இடத்தில் செருகி, இப்படியே கடைசி இடம்வரை போங்கள். 12 இடத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. செத்த இடம் ஒன்றை வீட்டுக்குப் போய்க் கண்டுபிடிப்பதைவிட இது மேல். பிறகு ஐபிஎம்ஐ என்ற சர்வர் மேலாண்மைக் கருவியால் சர்வரின் நிகழ்வுப் பதிவைப் படியுங்கள். ரேமில் பிழை திருத்தப்பட்டது, பவர் சப்ளை விழுந்தது, ஃபேன் நின்றது எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். பதிவு முழுதும் துடைக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு பவர் சப்ளையையும் தனித்தனியாகக் கழற்றி, மற்றதில் ஓடுகிறதா என்று சோதியுங்கள்.

டார்ச்சால் பார்க்கவேண்டியவை: பேக்பிளேன் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, ரெய்டு கார்டின் (பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் கார்டு) பேட்டரி உப்பியிருக்கிறதா, காலியான பிராசசர் சாக்கெட்டில் பின்கள் வளைந்திருக்கின்றனவா. கடலோர ஊர்களில் ஏசி இல்லாத கிடங்கில் ஒரு வருடம் கிடந்த பெட்டிக்கும், சர்வர் அறையிலிருந்து நேராக வந்த பெட்டிக்கும் வித்தியாசம் முனைகளில்தான் தெரியும்.

சர்வரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் தொலைமேலாண்மை போர்ட்டுக்குப் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளிருந்தே ஐபிஎம்ஐ கருவியால் மாற்றிவிடலாம், அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்கவேண்டாம். அந்தப் போர்ட்டை ஒருபோதும் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். பத்தாண்டுப் பழைய மேலாண்மை மென்பொருளில் ஓட்டைகள் வெளிப்படையாகத் தெரிந்தவை.

எடை இன்னொரு விஷயம். ஒரு 3.5 அங்குல டிஸ்க் 650 முதல் 700 கிராம் வரை இருக்கும். 24 டிஸ்க் என்றால் 16 கிலோ, கூட்டின் எடை தனி. டிஸ்குகளைக் கழற்றித் தனியே நுரைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கூட்டை இரண்டு பேர் தூக்கவேண்டும். ஆழம் 846-இல் 66 சென்டிமீட்டர். ஆர்720எக்ஸ்டி அதைவிட நீளம். சுவரில் மாட்டும் சின்ன நெட்வொர்க் ரேக்கில் இவை நுழையாது.

கண்ட்ரோலர் கார்டு

நிறுவனச் சர்வர்களோடு ரெய்டு கார்டு வரும். இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறை டிஸ்கை நேரடியாகப் பார்க்க விரும்பும். நடுவில் ரெய்டு கார்டு நின்றால் டிஸ்கின் உடல்நிலை அறிக்கை மறைந்துபோகும். ஒவ்வொரு டிஸ்கையும் தனி ரெய்டு0-ஆக அமைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. கார்டு செத்த நாளில் அந்த டிஸ்குகளை வேறு கம்ப்யூட்டரில் படிக்கமுடியாமல் தவிப்பவர்களும் அவர்களே. கார்டை ஐடி மோட் என்ற நிலைக்கு மாற்றுவதே சரி. அதில் கார்டு வெறும் கடத்தியாக மட்டும் நடந்துகொள்ளும்.

ஆர்730எக்ஸ்டியில் எச்பிஏ330 கார்டு இருந்தால் எதையும் மாற்றவேண்டாம், பிறவியிலேயே அது கடத்திதான். ஆர்720எக்ஸ்டியின் எச்710 மினி கார்டுக்கு ஃபர்ம்வேரை மாற்றி எழுதும் வழி உண்டு. எழுதும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கார்டின் எஸ்ஏஎஸ் முகவரியை (அதன் தனி அடையாள எண்) தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அழித்தபின் அதைத் திரும்ப எழுதவேண்டியிருக்கும். எச்பி ஜென்8-இன் பி420ஐ கார்டை எச்பிஏ என்ற கடத்தி நிலைக்கு மாற்றலாம், ஆனால் அந்த நிலையில் அதன் டிஸ்கிலிருந்து சர்வர் தொடங்காது. இயங்குதளத்தை உள்ளே உள்ள யுஎஸ்பியிலோ தனி சாட்டா எஸ்எஸ்டியிலோ வைக்கவேண்டும்.

தனியாகக் கார்டு வாங்குவதானால் எல்எஸ்ஐ 9211-8ஐ அல்லது 9207-8ஐ போதும். ஃபர்ம்வேர் 20.00.07.00 என்றிருக்கவேண்டும், அதே 20 வரிசையின் தொடக்கமான 20.00.00.00 தரவுப் பிழைகளுக்குப் பெயர்போனது. பழைய 1068இ சிப் உள்ள கார்டுகளைத் தொடவேண்டாம், 2 டெராபைட்டுக்கு மேல் அவற்றுக்குக் கண் தெரியாது. எழுதும்போது அழிப்புக் கட்டளைக்கும் புதிய ஃபர்ம்வேர் கட்டளைக்கும் நடுவில் மறுதொடக்கம் செய்யாதீர்கள். மூளை இல்லாத கார்டோடு கம்ப்யூட்டர் எழாமலே போகலாம். பூட் ரோம் பகுதியை எழுதாமல் விட்டால் சர்வர் தொடங்கும் நேரம் கணிசமாகக் குறையும். அந்தக் கார்டிலுள்ள டிஸ்கிலிருந்து தொடங்கமுடியாது என்பது மட்டும்தான் அதற்கு விலை.

8087 கேபிளிலிருந்து நான்கு சாட்டாவாகப் பிரியும் கேபிள் இரண்டு வகை. கார்டிலிருந்து டிஸ்குக்குப் போவது ஒன்று, மதர்போர்டின் நான்கு சாட்டாவிலிருந்து பேக்பிளேனுக்குப் போவது இன்னொன்று. பார்வைக்கு ஒன்றே போலிருக்கும், மாற்றி வாங்கினால் டிஸ்க் எதுவும் திரையில் வராது. டிஸ்குகளே தெரியவில்லை என்று புலம்பும் புதியவர்களிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

டிஸ்குகள்

எஸ்ஏஎஸ் கார்டில் சாட்டா டிஸ்க் ஓடும். சாட்டா போர்ட்டில் எஸ்ஏஎஸ் டிஸ்க் ஓடாது. இதை மறந்து எஸ்ஏஎஸ் டிஸ்குகளை மட்டும் மலிவாக வாங்கி வந்தவர்கள் அவற்றுக்காகக் கார்டு தேடி அலைவதுண்டு. எஸ்ஏஎஸ் பேக்பிளேன் இருக்கிறவருக்கு அதுவே வாய்ப்பு. மற்றவர்களுக்குப் பயன்படாததால் பழைய எஸ்ஏஎஸ் டிஸ்குகள் அதே அளவு சாட்டாவைவிட மலிவாகக் கிடைக்கும்.

நெட்ஆப், ஈஎம்சி போன்ற பெரிய சேமிப்புப் பெட்டிகளிலிருந்து வந்த டிஸ்க் என்றால் லினக்ஸில் அளவு பூஜ்யம் என்று காட்டும். செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். நம் இயங்குதளங்கள் 512 பைட் அல்லது 4,096 பைட் துண்டுகளாகப் படிக்கும். அந்தப் பெட்டிகள் ஒவ்வொரு 512 பைட்டோடும் 8 பைட் சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து 520-ஆக எழுதிவைத்தவை. சில பெட்டிகளில் 524, 528 என்றும் வரும். லினக்ஸின் எஸ்ஜி3 யூட்டில்ஸ் தொகுப்பில் எஸ்ஜி ஃபார்மட் என்ற கட்டளை உண்டு. அதில் ஃபார்மட் என்ற தேர்வோடு சைஸ்=512 என்று கொடுத்தால் டிஸ்க் தன்னையே புதிதாக வகுத்துக்கொள்ளும். பழைய தரவும் அதோடு போய்விடும், அதுவும் நல்லதே. கணிசமான நேரம் பிடிக்கும். 4 டெராபைட் டிஸ்குக்கு ஒரு முழு இரவை ஒதுக்குங்கள். எல்லா டிஸ்குகளையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடலாம், வேலை டிஸ்குக்குள்ளேயே நடப்பதால் ஒன்றையொன்று தடுக்காது. நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் "ஃபார்மட் கெட்டுவிட்டது" என்று அடம்பிடிக்கும். பெரும்பாலும் கட்டளையை மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் சரியாகும். 512-க்கு வந்தபிறகும் பாதுகாப்புத் தகவல் (கூடுதல் சரிபார்ப்பு எண்) வகை 2 என்று காட்டினால் எஃப்எம்டிபிஇன்ஃபோ=0 தேர்வையும் சேர்த்து மறுபடி வகுக்கவேண்டும்.

தானே குறியாக்கம் செய்யும் டிஸ்குகள் பூட்டிக்கொண்டு வருவதுண்டு. லேபிளில் பிஎஸ்ஐடி என்ற 32 எழுத்துச் சங்கேதம் அச்சாகியிருந்தால் செட்யூட்டில் கருவியால் திறந்துவிடலாம், தரவு அழியும். லேபிள் கிழிந்திருந்தால் அந்த டிஸ்க் வெறும் இரும்பு.

அடுத்து உடல்நிலை. டிஸ்கின் உடல்நிலையைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் அறிக்கையில் ஓடிய மணிக்கணக்கை மட்டும் பார்த்துப் பயப்படவேண்டாம். ஐந்து வருடம் நிற்காமல் ஓடினால் 43,800 மணி. அப்படி ஓடிய நிறுவன டிஸ்க் சீரான வெப்பத்தில், ஆடாமல் நின்று ஓடியது. சாட்டாவில் பழுதான பகுதிகளைக் கணக்கிடும் 5, 197, 198 என்ற மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்கவேண்டும். 199 கூடியிருந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிளுடையது. எஸ்ஏஎஸ் டிஸ்கில் இந்த எண்கள் இல்லை. "வளர்ந்த குறைபாடுகள்" பட்டியலின் எண்ணிக்கையைப் பாருங்கள். சிறு எண் நிலையாக நின்றால் பொறுக்கலாம், சோதனையின்போது ஏறிக்கொண்டே போனால் திருப்பிக் கொடுங்கள். மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி விற்பதும் நடக்கிறது. பயன்படுத்திய சீகேட் எக்ஸோஸ் டிஸ்குகள் புதியவையாக விற்கப்பட்ட விவகாரம் 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெளிவந்தது. காட்டிக்கொடுத்தது ஃபார்ம் என்ற தனிப் பதிவு, மணிக்கணக்கை அழித்தவர்கள் அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். ஸ்மார்ட்சிடிஎல் அடங்கிய ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் 7.4 பதிப்பு முதல் சீகேட் டிஸ்குகளில் அந்தப் பதிவைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள்.

பிறகு நீண்ட சோதனை. லினக்ஸின் பேட்பிளாக்ஸ் கருவியில் எழுதிப் பார்க்கும் முறை நான்கு வடிவங்களை எழுதி, திரும்பப் படிக்கும். மொத்தம் எட்டு சுற்று. சராசரி நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தால் 8 டெராபைட் டிஸ்கில் ஒரு சுற்று 15 மணி, எட்டுக்கு ஐந்து நாள். 16 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்குகளில் 4,096 பைட் துண்டு அளவில் ஓட்டினால் எண்ணிக்கை கொள்ளாமல் நின்றுவிடும், 8,192 என்று கொடுக்கவேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஒரு வடிவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எல்லா டிஸ்குகளையும் கூட்டில் போட்டு ஒரே சமயத்தில் ஓட்டுங்கள். பவர் சப்ளை, பேக்பிளேன், ஃபேன் எல்லாவற்றுக்கும் அதுவே தேர்வு.

எந்த டிஸ்கின் வரிசை எண் எந்த ட்ரேயில் இருக்கிறது என்று, கடைசி நான்கு எழுத்துகளை ட்ரே முகப்பில் ஒட்டிவிடுங்கள். பழுதான டிஸ்குக்குப் பதில் நல்லதைப் பிடுங்கிவிட்டுத் தரவை இழந்த கதைகள் எல்லாம் இந்த ஒட்டுத்தாள் இல்லாததால் நேர்ந்தவை. அமைப்பில் ஆறு ஆறாக இரண்டு குழு, ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும் இசட்எஃப்எஸ்ஸின் ரெய்டுஇசட்2 என்பது 12 இடப் பெட்டிக்கு நன்றாகப் பொருந்தும். பின்னால் கொள்ளளவு கூட்ட ஆறு டிஸ்க் மாற்றினால் போதும், பன்னிரண்டையும் மாற்றவேண்டாம்.

சூடு, சத்தம், கரண்ட்

சேமிப்பு சர்வரில் டிஸ்குகள் இடைவெளியே இல்லாமல் நெருங்கி நிற்கும். அந்தக் கீற்றுகளின் வழியே காற்றை இழுக்க அழுத்தம் வேண்டும். அதனால்தான் அந்த ஃபேன்கள் விமானம் போல இரைகின்றன. ரேக் அளவில் இரண்டு யூனிட் உயரப் பெட்டிகளில் ஃபேன்கள் சிறியவை, வேகம் அதிகம், கீச்சுக் குரல். நான்கு யூனிட் பெட்டியில் 80 மில்லிமீட்டர் ஃபேன்கள் இருக்கும். 846-இன் நடு வரிசையைக் கழற்றி மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்களை வைப்பது பலர் செய்யும் மாற்றம். வைக்கும்போது ஓரங்களில் இடைவெளி விடாமல் அட்டையோ நுரையோ கொண்டு அடைக்கவேண்டும், இல்லையென்றால் காற்று டிஸ்க் பக்கம் போகாமல் சுற்றி வந்துகொண்டிருக்கும். அதே காரணத்தால் காலி இடங்களில் காலி ட்ரேயைச் செருகியே வையுங்கள். 846-இன் இரைச்சலில் பாதி பவர் சப்ளையிலிருந்து வருவது. எஸ்க்யூ என்று முடியும் 920 வாட் பவர் சப்ளை கிடைத்தால் மாற்றிவிடுங்கள், பெட்டியின் குணமே மாறிவிடும்.

டெல் ஆர்720, ஆர்730 வரிசையில் வேற்று நிறுவனக் கார்டைச் செருகினால் ஃபேன்களின் வேகம் எகிறலாம். ஐபிஎம்ஐ கட்டளையால் அடக்கலாம். ஆனால் வேகத்தைக் கையால் பூட்டிவைத்தால் சூடு ஏறினாலும் ஃபேன் ஏறாது. வெப்பத்தைப் படித்து, எல்லை தாண்டினால் தானியங்கிக்குத் திரும்பும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் கட்டாயம் வேண்டும். எல்எஸ்ஐ கார்டின் சிப்பும் சர்வர் காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டது; ஃபேனைக் குறைத்தவர்கள் அதன் வெப்பத்தகட்டில் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கட்டிவிடவேண்டும். டிஸ்குகள் 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சித்திரை வெயிலில் மாடி அறை 36, 37-ஐத் தொடும் ஊரில் இது எளிதல்ல. பெட்டியை மர அலமாரிக்குள் பூட்டுவது, பரணில் ஏற்றுவது இரண்டும் கூடாது. கீழ்த்தளத்தில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், முன்னும் பின்னும் திறந்த இடமே சரி.

மின்சாரத்தைக் கணக்கிடாமல் வாங்கக்கூடாது. இரண்டு பிராசசர் உள்ள ஆர்720எக்ஸ்டி டிஸ்க் இல்லாமல் சும்மா இருக்கும்போதே சுமார் 100 வாட். 12 டிஸ்குக்கு ஒன்றுக்கு 7 வாட் என்று 84. ஃபேனையும் கார்டையும் சேர்த்து 200 என்று வையுங்கள். மாதம் 144 யூனிட், தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் 288. ஏற்கெனவே 250 யூனிட் ஓடும் வீட்டை இது 500-க்கு மேலே தள்ளிவிடும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான குறைந்த விலையும் போய்விடுவதால் அடி இரட்டை. ஒரு பிராசசரைக் கழற்றிவிடுவது உடனடியாகப் பலன் தரும். பாதி ரேம் இடங்களும் சில பிசிஐ இடங்களும் செயலிழக்கும் என்பதால் கார்டு எந்தப் பிராசசரின் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் கழற்றுங்கள். மாடல் பெயரில் எல் என்ற எழுத்துள்ள குறைமின் பிராசசரை வாங்கிப் போடுவதால் பெரிதாக மிச்சமாகாது. அது உச்ச வேலையில் எடுப்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, வீட்டுச் சர்வரோ நாளெல்லாம் சும்மா இருப்பது.

இயங்கத் தொடங்கும் நொடிகளில் ஒரு டிஸ்க் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். 24 டிஸ்கும் ஒன்றாக எழுந்தால் அதற்கே 576 வாட். பேக்பிளேனோ கார்டோ அவற்றை வரிசையாக எழுப்பும்படி அமைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சின்ன யுபிஎஸ் அந்த நொடியிலேயே கையை விரித்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது தூய சைன் அலை தருவதாக இருக்கவேண்டும். யுபிஎஸ் முறைக்கு மாற்றிவையுங்கள். சாதாரண முறையில் மாறும் இடைவெளி நீளம், சர்வரின் பவர் சப்ளை தாங்குவதோ ஏறத்தாழ 10 முதல் 20 மில்லி விநாடி. எர்த் சரியில்லாத பிளக்கில் இரும்புக்கூடு கையைக் கடிக்கும், அதை முதலில் எலக்ட்ரீஷியனிடம் சரிபார்த்துவிடுங்கள்.

இந்தப் பெட்டிக்கு வீட்டில் மிகப் பொருத்தமான வேலை, என் பார்வையில், நாள் முழுதும் ஓடுவதல்ல. அன்றாடத்துக்கு இரண்டு டிஸ்க் உள்ள சிறு கம்ப்யூட்டர் ஓடட்டும். ஞாயிறு காலை அது ஐபிஎம்ஐ வழியாகப் பெரிய பெட்டியை எழுப்பி, வாரத்தின் மாற்றங்களை அனுப்பி, மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் முழுச் சரிபார்ப்பையும் ஓட்டி, முடிந்ததும் அணைத்துவிடும். 200 வாட் பெட்டி வாரம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 10 யூனிட்டைச் சற்றே தாண்டும். அணைந்திருக்கும்போதும் மேலாண்மை சிப் விழித்திருக்க 10 வாட் போல எடுக்கும், அது 14 யூனிட். அதையும் விரும்பாதவர்கள் ஸ்மார்ட் பிளக் ஒன்றை இடையில் வைத்து, மின்சாரம் வந்ததும் தானே தொடங்கும்படி பயாஸில் அமைத்துவிடலாம்.